நான்காவது நிபந்தனை

கும்மிடிப்பூண்டி,
14.2.2024

அன்புள்ள ஞானம்மாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். கர்த்தர் துணையால் இங்கு நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஸ்டீவனும் மருமகள் சோனியாவும் நலம்தானே?

உங்கள் ஊர் பாக்கியராஜின் புது வீட்டு ஜெபக்கூட்டத்தில் என்னைப் பற்றி இரண்டு செய்திகள் பேசப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். வீட்டுக்காரர் என் சாமான்களைத் தெருவில் தூக்கிப் போட்டுவிட்டார் என்பது ஒன்று. நான் சர்ச் வாசலில் உட்கார்ந்து அழுதேன் என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. என் சாமான்கள் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கின்றன. சர்ச் வாசலில் உட்கார்ந்திருந்தது உண்மை. சக்கர நாற்காலியில் போகிறவள் நின்றுகொண்டா இருப்பாள்? ஆனால் அழவில்லை.

நடந்தது இதுதான். வீட்டுக்காரர் மோகன்ராஜ் ஜனவரி கடைசியில் வந்தார். காப்பி குடித்தார். பிறகு, "ஆன்ட்டி, பத்தொம்பது வருஷமா இருக்கீங்க, உங்க மேல ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா வெளியூர் பசங்கள தங்க வைக்கணும்னு கம்பெனி காண்ட்ராக்டர் கேட்டுக்கினே இருக்காரு. தலைக்கு இவ்ளோன்னு குடுக்குறாரு, ஒரு ரூமுக்கு ஆறு பேரு. நான் இன்னா பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க" என்றார். எங்கள் தெருவில் ஏற்கெனவே நான்கு வீடுகள் அப்படி மாறிவிட்டன. நான் கோபப்படவில்லை. காலி செய்ய வேண்டிய தேதியை எழுத்தில் கேட்டேன். அவர் சிரித்தார். நான் காகிதமும் பேனாவும் எடுத்துக் கொடுத்தேன். மே 31 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இதற்குப் பெயர் துரத்துவது அல்ல, முன்னறிவிப்பு. யாராவது கேட்டால் நீ அந்தச் சொல்லையே சொல்.

வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் மூன்று ஆண்டுகளாக நானே சமைத்து, நானே துவைத்து வாழ்கிறேன். தரைத்தளம், படியில்லாத வாசல், உட்காரும் கழிப்பறை, இவ்வளவுதான் எனக்கு வேண்டியது. மாற்றுத்திறனாளி உதவித்தொகையும் உன் அண்ணன் வைத்துப்போன பென்ஷனும் வாடகைக்குப் போதும். ஆகவே உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை. பேச்சைத் திருத்துவதற்காக மட்டுமே எழுதுகிறேன்.

போனில் சொல்லக்கூடாதா என்பாய். உனக்கு இடது காது மந்தம். கேட்காததற்கெல்லாம் "ஆமா அண்ணி, ஆமா அண்ணி" என்பாய். எதற்கு ஆமாம் சொன்னாய் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி,
சுகிர்தா சாலமோன்


திருப்பாச்சூர்,
28.2.2024

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

ஞானம்மா வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறோம். சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று எழுதவில்லையே. முழங்கால் வலி அப்படியேதான், மழைக்காலத்தில் கூடும், வெயிலில் குறையும்.

அந்தப் பேச்சைப் பேசியது நான் இல்லை அண்ணி. பாக்கியராஜ் பெண்டாட்டிதான். ஜெபக்கூட்டத்தில் பிரியாணி பரிமாறிக்கொண்டே சொன்னாள். நான், "எங்க அண்ணியா அழுதாங்க? எங்க அண்ணன் செத்தப்பவே அவங்க அழுது நான் பாக்கல" என்று சொன்னேன். அது தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். முன்னறிவிப்பு என்று இனிமேல் சொல்கிறேன்.

இங்கே எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். இரண்டு அறை. ஒன்றில் ஸ்டீவனும் சோனியாவும், மற்றதில் நானும் அரிசி மூட்டையும் தையல் மெஷினும். வாசலில் மூன்று படி. போன மாதம் நானே அதில் விழப் பார்த்தேன். மேலே என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

மே 31 வரை நாள் இருக்கிறது. ஆனாலும் நீங்கள் சொன்ன நாள் என்றால் நாள்தான், ஒரு நாள் முன்னே பின்னே போகாது என்பது எனக்குத் தெரியும். அதனால் சீக்கிரம் தேடுங்கள்.

மாத்திரையை விடாதீர்கள்.

ஞானம்மா


கும்மிடிப்பூண்டி,
20.3.2024

அன்புள்ள ஞானம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். சர்க்கரை சாப்பாட்டுக்கு முன் 148. மூன்று படிக்கும் கைப்பிடி வைக்கச் சொல் ஸ்டீவனிடம். இரும்பு வேலை செய்கிறவன் வீட்டில் கைப்பிடி இல்லை என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

உன் அண்ணன் இறந்தபோது நான் அழுதேன். நீங்கள் எல்லோரும் பஸ் ஏறிய பிறகு அழுதேன். இதையும் திருத்திக்கொள்.

இந்த மாதம் மூன்று வீடுகள் பார்த்தேன். என்னைத் தள்ளிக்கொண்டு போனவள் காயத்ரி. முன்பு பக்கத்து வீட்டில் இருந்தவள், நாற்பத்தைந்து வயது. இப்போது தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி கேன்டீனில் சூப்பர்வைசர்.

முதல் வீடு தரைத்தளம் என்றார்கள். போய்ப் பார்த்தால் தரைக்கு மேலே ஐந்து படி. வெள்ளம் வருமாம், அதனால் உயர்த்திக் கட்டினார்களாம். இரண்டாவது வீட்டுக்கார அம்மா மிகவும் மரியாதையாகப் பேசினார். சொந்த ஊர் எது என்றார். திருப்பாச்சூர் பக்கம் என்றேன். "அங்க எந்தத் தெரு?" என்றார். நான் பார்க்க வந்தது உங்கள் தெருவில் உள்ள வீட்டை, என் தெருவை நீங்கள் எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். வீட்டை ஏற்கெனவே ஒருவருக்குச் சொல்லிவிட்டதாக அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

மூன்றாவது வீட்டைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். படி இல்லை, கழிப்பறை சரி, வெளிச்சம் உண்டு. வீட்டுக்காரர் பெயர் குணா, சிறு வயதுதான். உதவித்தொகை அட்டையைப் பார்த்தார், "கவர்மென்ட்டு டப்பு இந்த மாசம் வரும், அடுத்த மாசம் நிக்கும்" என்றார். ஆறு ஆண்டு வங்கிப் புத்தகத்தைக் காட்டினேன். உன் அண்ணன் பென்ஷன் ஒரு மாதமும் தவறியதில்லை. புத்தகத்தைப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு வயது கேட்டார். எழுபத்தொன்று என்றேன். தலையைச் சொறிந்தார். "தப்பா நினைக்காதீங்கம்மா. தனியா இருக்கீங்க, சக்கரை வேற. திடீர்னு ஒண்ணு ஆயிட்சின்னா? நட்சத்திரம் சரியில்லாத நாள்ல உசுரு பூட்டா அடைப்புன்னு சொல்வாங்க, ஆறு மாசம் ஊட்ட பூட்டி வெக்கணும். அப்பறம் எவன் குடி வருவான்?" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். வந்தது. என் வாடகையைப் பற்றிக் கேட்டால் பதில் இருக்கிறது. என் சாவைப் பற்றிக் கேட்டால் நான் யாரிடம் சான்றிதழ் வாங்கி வருவது?

காயத்ரி வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுதித் தருகிறவர்கள் குறைவு. ஒப்பந்தம் இல்லாவிட்டால் முகவரி மாற்ற முடியாது. முகவரி மாறாவிட்டால் விசாரணைக்கு வருகிறவர்கள் ஆள் இல்லை என்று எழுதி உதவித்தொகையை நிறுத்திவிடுவார்கள். எனவே எனக்கு வீடும் வேண்டும், காகிதமும் வேண்டும்.

ஈஸ்டருக்கு என்ன செய்யப் போகிறாய்?

சுகிர்தா


திருப்பாச்சூர்,
9.4.2024

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

ஞானம்மா எழுதுவது. கர்த்தர் உங்களைப் பத்திரமாக வைத்திருப்பார் என்று நம்புகிறேன். ஈஸ்டர் நல்லபடியாக முடிந்தது. ஆராதனைக்கு விடியற்காலையே போனோம். உங்களை நினைத்துக்கொண்டேன். ஸ்டீவன் கைப்பிடி வைத்துவிட்டான்.

அந்த குணா பேசியதைச் சோனியாவிடமும் படித்துக் காட்டினேன். அவள், "அத்தை, அந்த ஆளு மட்டும் சிரஞ்சீவியா?" என்று கேட்டாள்.

இங்கே கங்கம்மா என்று ஒரு அம்மா இருக்கிறார். நிலபுலம் உள்ளவர்கள். அவர்கள் வீடு எங்கள் தெரு முடிந்து திரும்பினதும் வரும். பின்பக்கம் தனியாக ஒரு அறையும் சமையலறையும் சும்மா கிடக்கிறது. ஆனால் அது உங்களுக்குச் சரிப்படாது, விடுங்கள்.

இத்துடன் பருத்தித் துணியில் கால் உறை நான்கு தைத்து அனுப்புகிறேன். வெட்டிய காலின் நுனியில் நாற்காலி பெல்ட் உரசுகிறது என்று போன வருஷம் ஒரு தடவை சொன்னீர்கள். அளவு தெரியாது. என் கையை மடக்கி வைத்துப் பார்த்துக் குத்துமதிப்பாகத் தைத்தேன். சிறியதாக இருந்தால் எழுதுங்கள்.

ஞானம்மா


கும்மிடிப்பூண்டி,
2.5.2024

அன்புள்ள ஞானம்மாவுக்கு,

நலம். வெயில் மட்டும் தாங்க முடியவில்லை. உங்கள் பக்கம் எப்படி?

உறைகள் வந்தன. அளவு சரி. ஒரே ஒரு குறை, தையல் உள்பக்கம் வருகிறது. அது தோலில் உறுத்தும். வெளிப்பக்கமாக வரவேண்டும். நான் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன். துணி மென்மையாக இருக்கிறது. இரவில்கூடக் கழற்றவில்லை.

குணா கேட்ட கேள்விக்குப் பதில் எழுதிவிட்டேன். பத்தாண்டு டைப்பிஸ்டாக இருந்தவளுக்கு ஒப்பந்தம் எழுதத் தெரியாதா? நானே ஒன்று தயார் செய்திருக்கிறேன். ஐந்து நிபந்தனைகள். முதல் மூன்றும் வாடகை, தண்ணீர், சுண்ணாம்பு அடிப்பது பற்றியவை. ஐந்தாவது, காலி செய்யும் தேதி. நான்காவது இது: "குடியிருப்பவருக்கு உடல்நிலை மோசமானால் தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படுவார். அவர் இவ்வீட்டில் மரிக்கமாட்டார் என்று உறுதியளிக்கிறார்." ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது, படித்துப் பார். இதைக் காட்டியும் இரண்டு வீட்டுக்காரர்கள் தரவில்லை. ஒருவர் சிரித்தார். மற்றவர் பயந்துபோய் உள்ளே போய்விட்டார்.

கங்கம்மா வீட்டுப் பின்பக்கம் சரிப்படாது என்று எழுதினாய். ஏன் என்று எழுதவில்லை. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிக்க வேண்டும் என்று எங்கள் கான்வென்ட் சிஸ்டர்கள் சொல்வார்கள். வாடகை அதிகமா? படியா? அல்லது வேறு ஏதாவதா? எதுவாக இருந்தாலும் எழுது. நான் உடைந்துபோகிறவள் அல்ல.

மே 31க்குப் பிறகு நான் எங்கே மாறினாலும் நீ இந்த முகவரிக்கே எழுது. கடிதம் வந்தால் வாங்கி வைத்துக் கொடுப்பதாக மோகன்ராஜ் சொல்லியிருக்கிறார். புது முகவரி நிலையான பிறகு தருகிறேன்.

சோனியாவிடம் அவள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி என்று சொல்.

சுகிர்தா


திருப்பாச்சூர்,
27.5.2024

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

ஞானம்மாவின் ஸ்தோத்திரங்கள். நாங்கள் நலம். பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு மன்னியுங்கள். வாக்கியத்தை முடிக்க வேண்டுமே, அதற்குத்தான் இத்தனை நாள்.

கங்கம்மாவின் மாமியார் அந்த அறையில்தான் இறந்தார். நான்கு வருஷம் ஆகிறது. அவிட்ட நட்சத்திரமாம். ஆறு மாதம் அடைப்பு என்று பூட்டி வைத்தார்கள். அதன் பிறகு திறந்து, சுண்ணாம்பு அடித்து, வாடகைக்கு விட்டுப் பார்த்தார்கள். இந்த ஊரில் ஒருவரும் வரவில்லை. வெளியூர்க்காரர்கள் வந்து பார்ப்பார்கள், டீக்கடையில் யாராவது சொல்லிவிடுவார்கள், போய்விடுவார்கள். நமக்கு அந்த நம்பிக்கை இல்லை. இருந்தாலும், யாரும் வராத அறையை உங்களுக்குக் காட்டுவதா என்று எனக்குக் கூச்சம். கழித்துப்போட்டதைக் கொடுக்கிறாள் என்று நீங்கள் நினைத்துவிட்டால் என்ன செய்வது? அதனால்தான் பாதியில் நிறுத்தினேன்.

போன வாரம் கங்கம்மாவிடம் கேட்டுவிட்டேன். அவர் உடனே சரி என்றார். அவர் மகன் மணவாளன் அறுவடைக் கணக்கில் அலைந்துகொண்டிருந்தான். நேற்றுத்தான் அவனும் சரி என்றான். வாசலில் படி இல்லை அண்ணி. முன்பு நெல் மூட்டை அடுக்கி வைத்த இடம் என்பதால் தள்ளுவண்டி ஏறச் சிமெண்ட் சரிவு போட்டிருக்கிறார்கள். உங்கள் நாற்காலி தாராளமாக ஏறும். கழிப்பறையும் மாமியாருக்காக உட்காரும் மாதிரி மாற்றியதுதான்.

31ஆம் தேதிக்குள் பதில் போட்டால் மணவாளனே வண்டி அனுப்புவதாகச் சொல்கிறான்.

உறையில் தையலை வெளிப்பக்கமாக வைத்து இன்னும் நான்கு தைத்திருக்கிறேன்.

ஞானம்மா


கும்மிடிப்பூண்டி,
8.7.2024

அன்புள்ள ஞானம்மாவுக்கு,

நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நான் வசதியாக இருக்கிறேன்.

மே 2 அன்று நான் எழுதிய கடிதத்துக்கு உன் பதில் வரவில்லை. கங்கம்மா வீட்டைப் பற்றி நான் கேட்டிருக்கக்கூடாது என்று இப்போது தெரிகிறது. நீ "விடுங்கள்" என்று எழுதினாய். நான் விடவில்லை.

உன் மௌனத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். 1998இல் உன் கணவர் இறந்து, மாமனார் வீட்டில் உன்னை இருக்கவிடாதபோது, இரண்டு பிள்ளைகளோடு நீ எங்களிடம் வந்தாய். ஒரே அறை. நான் பதினைந்து நாள் என்றேன். உன் அண்ணன் என் பேச்சுக்குத் தலையாட்டினார். பதினாறாம் நாள் காலையில் நான் எழுந்தபோது நீ பெட்டியைக் கட்டி முடித்து, பிள்ளைகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாய். இன்னும் இரண்டு நாள் இரு என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தேதி என்றால் தேதி என்று அப்போது நினைத்தேன்.

இப்போது தேதி என்றால் என்ன என்று எனக்கும் தெரியும்.

நீ எனக்கு எதுவும் கடன்பட்டவள் இல்லை. இதை எழுதிவிட வேண்டும் என்றுதான் எழுதினேன். என்னைப் பற்றிக் கவலைப்படாதே. இங்கே நல்ல மனிதர்கள். படுக்கை ஆறுவதற்கே நேரம் இருப்பதில்லை, எப்போது படுத்தாலும் சூடாகவே இருக்கிறது. இனிமேல் எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன்.

சுகிர்தா


திருப்பாச்சூர்,
26.7.2024

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

இந்தக் கடிதம் காயத்ரியின் பெயர் போட்டுத் தேர்வாய் கண்டிகை முகவரிக்கு வருவதைப் பார்த்துத் திகைக்காதீர்கள். நீங்கள் அங்கே சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்க மாட்டேன். எனக்குத் தெரியும்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பதில் போடவில்லை என்கிறீர்கள். நான் போட்டேனே. அப்புறம் அந்தப் படுக்கை. எந்த வீட்டில் அண்ணி படுக்கை எப்போதும் சூடாக இருக்கும்? ஒருவர் எழுந்த இடத்தில் இன்னொருவர் படுக்கிற வீட்டில்தான். ஸ்டீவன் ஷிப்டு வேலைக்குப் போன புதிதில் அப்படி ஒரு ரூமில்தான் இருந்தான்.

மறுநாளே பஸ் ஏறி, இரண்டு பஸ் மாறி, கும்மிடிப்பூண்டி வீட்டுக்கு வந்தேன். வாசல் முழுக்கச் செருப்பு. உள்ளே வடக்கத்திப் பையன்கள். ஒருத்தன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். உங்கள் பெயரைச் சொன்னேன். "ஆன்ட்டி இல்லே. லெட்டர் இருக்கு" என்றான். நீங்கள் சுவரில் விட்டுவந்த சர்ச் காலண்டரை அவர்கள் கழற்றவே இல்லை. அதன் பின்னாலிருந்து ஒரு உறையை எடுத்து, கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தான். நான் எழுதிய கடிதம் அண்ணி. என் கையெழுத்தோடு, பிரிக்காமல் அப்படியே. நான் நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்து ஒரு டம்ளர் டீயும் கொடுத்தான்.

மோகன்ராஜைப் பார்த்தேன். "குடுக்கணும் குடுக்கணும்னு நெனச்சிக்கினே இருந்தேன்க்கா, வேலை பேஜாருல மறந்துபூட்டேன். தேர்வாய்ல காயத்ரியக்கா ஊட்ல இருக்காங்க" என்றார். திட்டலாம் என்று வந்தவள், முகவரியை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

உடனே உங்களிடம் வரலாம் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். தேர்வாய் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறவில்லை. நீங்கள் சொல்லாத இடத்துக்கு நான் வந்து நின்றால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

அந்தக் கடிதத்தை அப்படியே இத்துடன் வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படியுங்கள், பிறகு மற்றதை.

பதினைந்து நாளைப் பற்றி எழுதினீர்கள். கோபம் இருந்தது அண்ணி. இல்லை என்று எழுதினால் பொய். அந்தப் பதினைந்து நாளும் நானும் பிள்ளைகளும் கட்டிலில் படுத்தோம், நீங்கள் தரையில் படுத்தீர்கள். அதுவும் ஞாபகம் இருக்கிறது. சத்துணவு வேலைக்கு மனு டைப் அடித்துக் கொடுத்தீர்கள், நான்கு தடவை. மூன்று தடவை தப்பு இருக்கிறது என்று நீங்களே கிழித்துப் போட்டீர்கள். அந்த வேலையில்தான் நான் பிள்ளைகளை வளர்த்தேன். இரண்டும் ஒரே பதினைந்து நாளில் நடந்தது. எதை முதலில் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கங்கம்மாவிடம் உங்கள் ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. மூன்று நிபந்தனை வரைக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தார். நான்காவதைப் படித்ததும், "இன்னாடி இது, சாவ மாட்டேன்னு எழுதிக் குடுக்குறாங்க? எமன் கிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கினு வரச் சொல்லு" என்று சிரித்தார். அப்புறம், "ஊட்ல உசுரு போறது ஒண்ணும் குத்தமில்ல ஞானம்மா. எங்க மாமியாருக்கு மூச்சு வாங்கினப்ப, இங்க போனா அடைப்பாயிடும்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போவலாம்னு எல்லாம் சொன்னாங்க. நான் உடல. அது அவங்க ஊடு. அந்த வரிய அடி" என்றார். மணவாளன் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டு அடித்தான். கங்கம்மா கைநாட்டு வைத்தார். ஒப்பந்தம் இத்துடன் இருக்கிறது. உங்கள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

மணவாளன் எந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னாலும் வண்டி அனுப்புவான்.

ஞானம்மா


தேர்வாய் கண்டிகை,
3.8.2024

அன்புள்ள ஞானம்மாவுக்கு,

மேலே உள்ள ஊர்ப் பெயர் இந்த முறை சரியானது. நான் சுகம். சர்க்கரை 171. இதுவும் சரியானது.

ஜூலை 8 கடிதத்தில் வசதியாக இருக்கிறேன் என்று எழுதினேன். திருத்துகிறேன். காயத்ரி வீட்டில் அவளோடு ஐந்து பெண்கள் தங்குகிறார்கள், மூன்று ஷிப்டு, மூன்று கட்டில். என் பீரோ சமையலறையில் நிற்கிறது. கழிப்பறைக்கு இரண்டு படி இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் யாரையாவது கூப்பிட வேண்டும். யாரும் முகம் சுளித்ததில்லை. வேலை முடிந்து வந்து கண் செருகுகிற பெண்ணை எழுப்பும்போது எனக்குத்தான் முகம் சுருங்கும். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உன்னிடம் சொல்லிவிட்டேன்.

முகவரியை உனக்குத் தராதது என் தவறு. எனக்கு வீடு கிடைக்கவில்லை என்று உனக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத் தரவில்லை. தந்திருந்தால் உன் கடிதம் ஜூன் மாதமே என் கைக்கு வந்திருக்கும். இரண்டு மாதம் நீ மௌனமாக இருப்பதாக நினைத்து உன்மேல் வருத்தப்பட்டேன். அந்த நேரமெல்லாம் உன் கடிதம் என் காலண்டருக்குப் பின்னால் இருந்திருக்கிறது. அந்தப் பையன் பெயரைக் கேட்டாயா? அடுத்த முறை போனால் கேள்.

நீ சொன்னபடி முதலில் பழைய கடிதத்தைப் படித்தேன். கழித்துப்போட்டதைக் கொடுக்கிறாய் என்று நான் நினைக்கவில்லை. செத்துவிடுவாள் என்று என்னை யாரும் சேர்க்கவில்லை. ஒருவர் செத்தார் என்று அந்த அறைக்கு யாரும் போகவில்லை. நானும் அந்த அறையும் ஒருவரையொருவர் குறை சொல்ல முடியாது.

ஒப்பந்தத்தில் இரண்டு திருத்தங்கள். அடித்த வரிக்குப் பக்கத்தில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும், இல்லாவிட்டால் தாலுகா அலுவலகத்தில் ஏற்க மாட்டார்கள். என் பக்கம் நான் போட்டுவிட்டேன். கங்கம்மாவின் கைநாட்டும் அந்த இடத்தில் வேண்டும், மணவாளனிடம் சொல். கங்கம்மாவுக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அதை நேரில் சொல்கிறேன்.

இரண்டாவது, ஐந்தாம் நிபந்தனையில் காலி செய்யும் தேதி என்ற இடம் காலியாக இருக்கிறது. மணவாளன் மறந்துவிட்டானா, நீ வேண்டுமென்றே விடச் சொன்னாயா என்று தெரியவில்லை. அரைப் பக்கம் எழுதிய காகிதத்தில் ஒரு இடம் வெறுமையாக இருப்பதை நான் வாழ்க்கையில் அனுமதித்ததில்லை. இதை அப்படியே விடுகிறேன்.

கடைசியாக ஒன்று. உன் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கங்கம்மா சரி என்றார் என்று எழுதியிருக்கிறாய். மணவாளன் சரி என்றான், வண்டி அனுப்புவான் என்று எழுதியிருக்கிறாய். நாற்காலி ஏறும் என்றுகூட எழுதியிருக்கிறாய். உன் தெருமுனையில் நான் வந்து இருப்பது உனக்குச் சரியா என்று எங்கேயும் எழுதவில்லை. நான் குறை சொல்கிறவள். தையலிலும் குறை சொல்கிறவள். தினமும் உன் கண்ணில் படுவேன். பதினைந்து நாளில் போக மாட்டேன். யோசித்துச் சொல். சரியில்லை என்றால் அதையும் சொல், நான் வேறு இடம் பார்க்கிறேன், நம் கடிதம் நிற்காது.

உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. உறைகள் எட்டும் எனக்கு வேண்டும், உன்னிடம் உள்ள நான்கையும் எடுத்து வைத்திரு.

நான் வரலாமா, ஞானம்மா? போன் செய்யாதே, போனில் நீ எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பாய். உன் கையால் எழுதி அனுப்பு.

உன் அண்ணி,
சுகிர்தா